நான்காவது சர்வருக்கு மூன்று 'சரி'

— சிரிக்காதே. நேத்து சாயங்காலம் டைரக்டர் அறையில இருந்து வெளிய வந்தப்பவும் இதே சிரிப்பைத் தான் முகத்துல ஒட்டிக்கிட்டு வந்தே.

— நான் எங்க அண்ணி சிரிச்சேன்? இந்த அறையோட குளிருக்குப் பல்லு தானா தெரியுது.

— குளிருக்குப் பல்லு தந்தியடிக்கும், சிரிப்பு அரும்பாது. கேட்டுக்கோ, பதினாலு வருஷம் இந்தக் குளிர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்தவ நான். எது நடுக்கம், எது நக்கல்னு எனக்குத் தெரியாதா?

— சத்தியமா நக்கல் இல்ல அண்ணி. வேலையை ஆரம்பிக்கலாமா? புது சர்வர் காத்துக்கிட்டு இருக்கு.

— காத்திருக்கட்டும். வந்து மூணு நாள் ஆன இரும்புப் பெட்டிக்கு அதுக்குள்ள என்ன அவசரம்? அதோ நிக்குதே மூணு, அதுங்க ஒன்பது வருஷமா இந்த ஆஸ்பத்திரியோட மொத்த நோயாளிப் பதிவையும் மூச்சு விடாம சுமக்குது. ஒரு நாள், ஒருத்தராவது, ஒரு துணியை எடுத்து அதுங்க முதுகைத் துடைச்சதுண்டா? இவளுக்குப் பாரு! புது ரேக், புது வயர், அச்சடிச்ச பேர்ச்சீட்டு, பக்கத்துல ரெண்டு பொம்பளைங்க சேவகம்.

— சர்வரைப் போய் 'இவ'ங்கறீங்களே.

— நேத்து வந்து இன்னிக்கு நடு இடத்துல நாற்காலி வாங்கறவங்க எல்லாரையும் நான் 'இவ'ன்னு தான் சொல்வேன்.

— நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணி.

— பதினாலுக்குப் பக்கத்துல ரெண்டு என்ன ரெண்டு? ஆலமரத்தடியில முளைச்ச காளான், 'நானும் மரம்'னு நிமிர்ந்து நின்னுச்சாம்.

— காளான்னா காளான். நிழல் குடுத்தது ஆலமரம் தானே? அதை நான் என்னிக்காவது இல்லேன்னு சொன்னேனா? நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கோங்க. அங்க இருந்து திரை சரியாத் தெரியாது.

— என் நாற்காலிக்கு ஒரு சக்கரம் இல்ல. இழுத்தா வராது, தள்ளினா விழும். புது நாற்காலி கேட்டு நாலு வருஷமா மனு போடறேன். உனக்கு வந்த மாசமே வந்துச்சு.

— இதுல உக்காருங்க. நான் அதுல உக்காந்துக்கறேன்.

— வேண்டாம். பிச்சை நாற்காலியில உக்காந்து எனக்குப் பழக்கமில்ல.

— நாத்தனார் நாற்காலி எப்போ அண்ணி பிச்சை நாற்காலி ஆச்சு?

— வாய் வளர்ந்துடுச்சு உனக்கு. சரி, கையை வை. இன்னிக்கு அடிக்கறது யாரு, படிக்கறது யாரு? முறைப்படி சொல்லு.

— அடிக்கறது நான். படிக்கறது நீங்க. நான் கட்டளையை அடிச்சு நிறுத்துவேன். நீங்க எழுத்துக்கு எழுத்து உரக்கப் படிச்சு 'சரி' சொல்லுவீங்க. நீங்க சொன்ன பிறகு தான் நான் என்டர் தட்டுவேன்.

— அதை ஒரு பக்தியோட சொல்றே பாரு! அந்த முறை மானத்துல இருந்து குதிச்சு வந்துச்சா? இந்த அறையில ராத்திரி பகலா தனியா உக்காந்து, தனியாத் தப்பு பண்ணி, தனியாத் திட்டு வாங்கி, தனியா அழுத பொம்பளைங்களுக்காக நான் ஊழியர் சங்கக் கூட்டத்துல எழுந்து நின்னு கேட்டு வாங்கினது. 'ஒரு கை சறுக்கினா இன்னொரு கண் பிடிக்கணும். ஒருத்தி தலையில மட்டும் உலகத்தை வைக்காதீங்க'ன்னு முழங்கினேன். அன்னிக்குக் கை தட்டினவங்கள்ல எத்தனை பேருக்கு இன்னிக்கு என் பேர் ஞாபகம் இருக்கு?

— எனக்கு இருக்கு. நான் அப்ப காலேஜ்ல இருந்து நேரா அங்க வந்து, கடைசி வரிசையில நின்னு விசில் அடிச்சேன்.

— விசில் அடிச்சவ மேடைக்கு வந்துட்டா. பேசினவ பெஞ்சுக்குப் போயிட்டா.

— போன் அடிக்குது அண்ணி.

— ஸ்பீக்கர்ல போடு. யாரு?

— தாயே, பதிவுக் கவுண்டர்ல இருந்து பேசறேன். இன்னிக்கு ஏதோ கம்ப்யூட்டரைப் பிரிச்சு மேயறீங்கன்னு நோட்டீஸ் வந்திருக்கு. வெளிய பாருங்க தாயே, நூறு பேர் வரிசை. ரெண்டு நிமிஷம் திரை நின்னா என் முதுகுத் தோலை உரிச்சுக் கொடியில காயப் போட்டுடுவாங்க.

— பயப்படாதீங்க கவுண்டர்காரரே. உங்க தோலுக்கு நான் பொறுப்பு. நாலாவதா ஒரு சர்வர் புதுசா வந்திருக்கு. பழைய மூணோட கூட்டத்துல அதோட பேரைச் சேர்த்தாச்சு. வேலை மட்டும் இன்னும் குடுக்கல. பழைய மூணுலயும் போட்டிருக்கற அப்டேட் எல்லாம் அதுலயும் போட்டு, நாலையும் ஒரே நிலைக்குக் கொண்டு வரணும். அவ்வளவு தான்.

— அதுக்குப் பழசை நிறுத்த மாட்டீங்களே தாயே?

— தொடக்கூட மாட்டோம். ஒவ்வொரு கட்டளையோட கடைசியிலயும் 'லோக்கல்'னு ஒரு சொல் வைப்போம். 'இந்த ஒரு சர்வருக்கு மட்டும்'னு அர்த்தம். அந்தச் சொல் இருக்கற வரைக்கும் உங்க கவுண்டர் மலை மாதிரி நிக்கும்.

— அந்தச் சொல் விட்டுப் போச்சுன்னா?

— நாலும் ஒரே குடும்பம்னு எடுத்துக்கிட்டு, நாலையும் ஒண்ணா நிறுத்திட்டு அப்டேட் போட ஆரம்பிச்சிடும். அப்புறம் அரை மணி நேரம் இந்த ஆஸ்பத்திரிக்கு யார் நோயாளி, யார் டாக்டர், யாருக்கு எந்த ரத்தம்னு ஒண்ணும் தெரியாது. அது விட்டுப் போகாம பார்க்கத் தானே நான் உக்காந்திருக்கேன்? வைங்க.

— நீங்க இருக்கற தைரியம் தான் தாயே. வச்சிடறேன்.

— பார்த்தீங்களா? 'நீங்க இருக்கற தைரியம்'னு சொல்றார்.

— கவுண்டர்காரர் சொல்றார். சொல்ல வேண்டியவங்க சொல்றதில்லையே. பட்டியலை எடு.

— பழைய மூணுலயும் இருபத்திமூணு அப்டேட். புதுசுல பத்தொன்பது. நாலு குறையுது.

— நாலாவது தான் பெருசு. முதல் மூணும் அதுக்குப் படிக்கட்டு. வரிசை மாறினா ஏறாது. டிஸ்க்குல இடம் இருக்கா?

— தாராளமா இருக்கு. இப்ப இருக்கற நிலையை அப்படியே நகல் எடுத்து வச்சுட்டேன். பாழாப் போனா திரும்பிப் போயிடலாம்.

— எப்ப எடுத்தே?

— காலையில எட்டு மணிக்கு. நீங்க பஸ்ஸுல வர்றதுக்குள்ள.

— ஆமா. எனக்கு பஸ், உனக்கு உங்கண்ணன் வண்டி. 'தங்கச்சிக்கு இன்னிக்கு முக்கியமான வேலை இருக்கு, நீ பஸ்ல வந்துடேன்'. முக்கியமான வேலை! எனக்கென்ன, ஆஸ்பத்திரியில ஈ ஓட்டற வேலையா?

— நான் வேண்டாம்னு தான் அண்ணி சொன்னேன்.

— நீ வேண்டாம்னு சொன்னா அவருக்கு இன்னும் ரெண்டு மடங்கு பாசம் பொங்கும். முதல் கட்டளையை அடி.

— அடிச்சுட்டேன். படிங்க.

— அப்டேட் கருவி. போடு. இருபதாவது அப்டேட்டோட எண், ஏழு இலக்கம், பட்டியலோட பொருந்துது. லோக்கல். சரி.

— தட்டிட்டேன். ஓடுது. பத்து சதவீதம்.

— இது ஓடி முடிக்கக் கால் மணி நேரம். அதுவரைக்கும் சொல்லு. டைரக்டர் என்ன சொன்னார்?

— சும்மா... வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டார்.

— சும்மா கேக்கறதுக்குக் கதவைச் சாத்தினாரா? நாற்பது நிமிஷம், கேட்டுக்கோ, நாற்பது நிமிஷம் கண்ணாடிக் கதவுக்கு வெளிய நான் நின்னேன். நிக்கணும்னு நிக்கல, பிரின்டர் அங்க இருக்கு. முப்பது தாள் அச்சடிச்சேன். ஒண்ணுமே எழுதாத முப்பது தாள்.

— அண்ணி!

— சிரி, நல்லாச் சிரி. பொறாமைக்காரியோட பிரின்டர் வெள்ளைத் தாளைத் தான் துப்பும்.

— நீங்க உங்களையே இப்படிச் சொல்லிக்காதீங்க.

— வேற யார் சொல்லணும்? ஊர் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிக்கறேன். ஆமா, பொறாமை தான். மேடையில சமத்துவம், மேஜையில வயித்தெரிச்சல்! 'பெண்ணுக்குப் பெண்ணே எதிரி'ன்னு எவனோ எழுதி வச்சதைக் கிழிச்சுப் போடுங்கன்னு ஆயிரம் பேர் முன்னால பேசினவ நான். அந்தக் காகிதம் எங்க இருந்துச்சு தெரியுமா? என் மடியிலயே இருந்துச்சு. மடியில இருந்ததைக் கிழிக்காம மைக்கைப் பிடிச்சு ஊருக்குச் சொன்னேன்.

— இருபதாவது முடிஞ்சுது. அடுத்தது அடிக்கறேன். படிங்க.

— அப்டேட் கருவி. போடு. இருபத்தொண்ணு. எண் பொருந்துது. லோக்கல். சரி.

— ஓடுது. அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? எதுக்கு என் மேல இவ்வளவு கோபம்? பதவிக்கா?

— பதவி! இந்த டேட்டாபேஸ் பிரிவுக்குப் பொறுப்பாளர் பதவி வரும்னு ஆறு வருஷமா சொல்றாங்க. ஆறு வருஷமும் அந்த நாற்காலிக்கு மனசாலயே உறை தைச்சு வச்சிருக்கேன் நான். ஆனா கேட்டுக்கோ, பதவி போனா வலிக்கும், அவ்வளவு தான். எரியறது அதுல இல்ல.

— பின்ன எதுல?

— சாப்பாட்டு மேஜையில. உங்கண்ணன் உக்காந்த உடனே ஆரம்பிப்பார். 'என் தங்கச்சி இன்னிக்கு ஒரே ஆளா சர்வரைத் தூக்கி நிறுத்தினாளாம். என் தங்கச்சி டைரக்டருக்கே விளக்கம் சொன்னாளாம். எங்க குடும்பத்து மூளை!' பரிமாறிக்கிட்டு நிப்பேன் நான். அந்த சர்வரைத் தூக்கி நிறுத்தறது எப்படின்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு ஒரு வாய், ஒரு வார்த்தை, ஒரு நாள்? ஊஹூம். குழம்புல உப்புக் குறைஞ்சா மட்டும் என் ஞாபகம் வரும்.

— அவன் அப்படித் தான் அண்ணி. அவனுக்குத் தங்கச்சின்னா இன்னும் ரெட்டைச் சடை போட்ட குழந்தை.

— அந்த ரெட்டைச் சடைக்கு ரிப்பன் கட்டினதும் நான் தான்! கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தப்ப உனக்குப் பன்னெண்டு வயசு. எனக்கு வெளியூர்ல ஆறு மாசப் பயிற்சிக்கு இடம் கிடைச்சுது. உனக்குப் பரீட்சை, அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிவு, உங்கண்ணனுக்கு மாத்தல். 'ஒருத்தர் வீட்டுல இருக்கணும்'னாங்க. அந்த ஒருத்தர் எப்பவும் ஒரே ஒருத்தி தான். என் இடத்துல வேற ஒருத்தன் போனான். அவன் இப்ப எங்கேயோ பத்துப் பேருக்கு மேலதிகாரி. நான் இங்க மூணு சக்கர நாற்காலியில.

— தெரியும் அண்ணி.

— தெரியும்ங்கறதுக்குப் பேர் நன்றி இல்ல.

— இருபத்தொண்ணு முடிஞ்சுது. மூணாவது கட்டளை.

— அப்டேட் கருவி. போடு. இருபத்திரெண்டு. நில்லு, எண்ணுல கடைசி இலக்கம் ஆறு. பட்டியல்ல ஒன்பது.

— ஐயோ. ஆமா. மாத்திட்டேன்.

— பார்த்தியா? ஆறும் ஒன்பதும் தலைகீழா நின்னா உனக்கு ஒண்ணு தான். இது தான் குடும்பத்து மூளை! ஒன்பது. பொருந்துது. லோக்கல். சரி.

— ஓடுது. எப்படி அண்ணி ஒரே பார்வையில பிடிச்சுடறீங்க?

— முகஸ்துதி வேண்டாம். டைரக்டர் என்ன சொன்னார்னு இன்னும் நீ சொல்லல.

— சொன்னா வருத்தப்படுவீங்க.

— சொல்லாததுக்கு வருத்தப்பட்டு முடிச்சாச்சு. சொல்லு.

— நாளைக்கு அறிவிப்பு வருதாம். பொறுப்பாளர் பதவிக்கு.

— யார் பேர்?

— இருபத்திரெண்டு பாதி தான் ஓடியிருக்கு அண்ணி.

— நாத்தனாரே, உன்னைத் தான் கேக்கறேன். யார் பேர்?

— என் பேர்னு சொன்னார். இன்னும் கையெழுத்துப் போடல. இன்னிக்கு இந்த நாலாவது சர்வர் வேலை எப்படி முடியுதுன்னு நாம கையெழுத்துப் போடற வேலைத் தாளைப் பார்த்துட்டுப் போடுவாராம்.

— ஓ.

— அண்ணி, தண்ணி குடிங்க.

— வாழ்த்துக்கள்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— வேற எப்படிச் சொல்லணும்? பாட்டாப் பாடட்டுமா? உங்கண்ணனுக்குச் சொல்லிட்டியா?

— இல்ல.

— சொல்லு. இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில மேளம் கொட்டட்டும். நானும் பக்கத்துல நின்னு கரண்டியால தாளம் போடறேன்.

— நான் அவர்கிட்ட உங்களைப் பத்தித் தான் அண்ணி பேசினேன். சத்தியமா. நாற்பது நிமிஷத்துல முப்பது நிமிஷம்.

— எனக்கு சிபாரிசா? என் கை பிடிச்சு நடந்த குழந்தை எனக்கு சிபாரிசு! அதைக் கேட்டு அவர் சிரிச்சிருப்பார்.

— சிரிக்கல.

— பின்ன?

— இருபத்திரெண்டு முடிஞ்சுது அண்ணி. கடைசி. பெருசு. அடிக்கறேன்.

— அடி. சீக்கிரம் அடி. உன் பட்டாபிஷேகத்துக்கு நேரமாகுது.

— அடிச்சுட்டேன். படிங்க.

— அப்டேட் கருவி. போடு. இருபத்திமூணு. எண்... பொருந்துது.

— ம்?

— சரி.

— முழுசாப் படிச்சீங்களா அண்ணி?

— படிச்சேன்னு சொல்றேன்ல.

— பெரிய அப்டேட். அவசரம் வேண்டாம். கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தரம் படிங்க.

— என் கண்ணுல கோளாறா, கண்ணாடியில கோளாறா? படிச்சாச்சு. எண் பொருந்துது. சரி. தட்டு.

— எண் மட்டும் தானா அண்ணி?

— என்ன இது, வாத்தியார் மாணவியைக் கேக்கற மாதிரி? நாளைக்கு வரப் போற அதிகாரத்தை இன்னிக்கே ஒத்திகை பார்க்கறியா? தட்டுங்கறேன்!

— போன்.

— விடு, அடிச்சு ஓயட்டும்.

— கவுண்டர் நம்பர் அண்ணி. ஸ்பீக்கர்ல போடறேன்.

— தாயே, தொந்தரவுக்கு மன்னிக்கணும். இங்க ஒரு அம்மா பிரசவ வலியில துடிக்கறாங்க. போன தடவை வந்தப்ப ஏதோ மருந்து ஒத்துக்கலையாம், பேர் தெரியலையாம். பழைய பதிவைத் தேடிக்கிட்டு இருக்கேன். அது கிடைக்கற வரைக்கும் திரை நிக்காதே? உங்க பக்கம் எல்லாம் சரி தானே?

— அண்ணி, உங்களைத் தான் கேக்கறார்.

— தாயே, இருக்கீங்களா? எல்லாம் சரி தானே?

— சரி தான்.

— அது போதும் தாயே. நீங்க சொன்னா அது கல்வெட்டு. வச்சிடறேன்.

— அண்ணி.

— தட்டு.

— தட்ட மாட்டேன். கையை எடுத்துட்டேன். பாருங்க, ரெண்டு கையும் மடியில இருக்கு.

— ஏன்?

— அந்தக் கட்டளையில ஒரு சொல் இல்ல. என்ன சொல்னு உங்களுக்குத் தெரியும்.

— லோக்கல்.

— எப்ப பார்த்தீங்க?

— முதல் தடவையே.

— முதல் 'சரி'க்கு முன்னாலயா?

— முன்னால. கண்ணு பார்த்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உதடு திறக்கல. அங்க ஒரு பூட்டு விழுந்துச்சு. 'உனக்கென்ன, அவ அடிச்சது, அவ தப்பு, அவ தலையெழுத்து'ன்னு உள்ளே இருந்து ஒரு குரல். அது என் குரல் தான். மேடையில மைக்கைப் பிடிச்சு முழங்குற அதே குரல்.

— நாலு சர்வரும் நின்னிருக்கும்.

— நிக்கணும்னு நெனைச்சேன். நிக்கணும், வரிசையில நூறு பேர் கத்தணும், டைரக்டர் படியிறங்கி ஓடி வரணும், 'இவளையா பொறுப்புல வைக்க இருந்தேன்'னு தலையில அடிச்சுக்கணும். இன்னிக்கு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, உங்கண்ணன் உன் பேரைச் சொல்லாம ஒரு கவளம் சாப்பிடணும்.

— அந்தப் பிரசவக்காரி?

— மறந்துட்டேன்னு சொன்னாப் பொய். அந்த ஆள் வாயால கேட்டேன், காதால கேட்டேன், 'சரி தான்'னேன். வயித்தெரிச்சல்ல வெந்தவளுக்கு வயித்து வலியில துடிக்கறவ சத்தம் கேக்கலை. இனிமே எந்த மேடையில ஏறி, எந்த முகத்தோட, எந்தப் பொம்பளைக்காக நான் பேசுவேன்?

— முதல்ல வேலையை முடிப்போம் அண்ணி. அந்தச் சொல்லைச் சேர்த்துட்டேன். படிங்க.

— நான் படிக்கக் கூடாது. வேற யாரையாவது கூப்பிடு. பூனையைப் பாலுக்குக் காவல் வைக்காதே.

— வேற யாரும் வேண்டாம். கவுண்டர்காரர் உங்களை நம்பித் தான் வச்சார். படிங்க.

— அப்டேட் கருவி. போடு. இருபத்திமூணு. எண் பொருந்துது. லோக்கல். ...இரு, மறுபடி படிக்கறேன். இருபத்திமூணு. எண் பொருந்துது. லோக்கல் இருக்கு. இருக்கு. சரி.

— தட்டிட்டேன். ஓடுது. பழைய மூணும் அசையல. பச்சை விளக்கு எரியுது பாருங்க.

— கண்ணு கலங்குது. எல்லாம் பச்சையாத் தான் தெரியுது.

— இந்தாங்க, துடைச்சுக்கோங்க.

— துடைக்க வேண்டாம். எனக்கு இப்பத் தான் ஒண்ணு உறைக்குது. மூணு கட்டளையில மறக்காத சொல் நாலாவதுல எப்படி மறக்கும்? 'முழுசாப் படிச்சீங்களா'ன்னு கேட்டே. 'எண் மட்டும் தானா'ன்னு கேட்டே. உனக்குத் தெரிஞ்சிருக்கு. வேணும்னே விட்டிருக்கே!

— ஆமா அண்ணி. வேணும்னே தான்.

— பொறி வச்சிருக்கே! எலிக்கு வைக்கற மாதிரி எனக்குப் பொறி! நான் அழுகிப் போனவன்னு நிரூபிச்சு, அந்த டைரக்டர் மேஜையில கொண்டு போய் வைக்க. அடி பாவி, பதவி உனக்கு வந்தாச்சேடி! வந்த பிறகும் எதுக்குடி என்னைத் தோலுரிச்சுப் பார்க்கறே?

— நீங்க தட்டச் சொல்வீங்கன்னு நான் கனவுலயும் நெனைக்கல அண்ணி. கடைசி வரைக்கும், அந்த போன் வர்ற வரைக்கும், இப்ப சொல்வீங்க, இப்ப சொல்வீங்கன்னு தான் உக்காந்திருந்தேன்.

— நடிக்காதே. இருபத்திமூணு எத்தனை சதவீதம்?

— தொண்ணூறு. ...தொண்ணூத்தஞ்சு. முடிஞ்சுது. நாலும் சமம் இப்ப. நாலுலயும் இருபத்திமூணு.

— சர்வர்களுக்குள்ள சமம் வந்துடுச்சு, சந்தோஷம். தாளை எடு. அடிச்சவ, படிச்சவ, ரெண்டு கையெழுத்து. எங்க பேனா? போடறதுக்கு முன்னால நீ எழுது. 'படித்தவர் தவறைப் பார்த்தும் சொல்லவில்லை.' அப்படியே எழுது. நான் எழுதிக் குடுக்கட்டுமா? அட்சரம் பிசகாம எழுதறேன்.

— அதை எழுத முடியாது அண்ணி.

— ஏன், கருணையா? உன் கருணை எனக்கு வேண்டாம். திட்டு, தாங்கிக்கறேன். காட்டிக் குடு, தாங்கிக்கறேன். இரக்கப்படாதே, அதை மட்டும் தாங்க மாட்டேன்.

— இரக்கம் இல்ல. எழுத இடம் இல்ல. அந்த வரி நிரம்பியிருக்கு.

— எந்த வரி? வேலை இப்பத் தானே முடிஞ்சுது, அதுக்குள்ள யார் என்ன எழுதினா?

— நேத்து டைரக்டர் சொன்னார்: 'உங்க அண்ணிக்குக் கண்ணு மங்கிப் போச்சு, வெறும் பேச்சு தான் மிச்சம், அதனால பதவி உனக்கு'ன்னு. 'நாளைக்கே அவங்க ஒரு பெரிய தப்பைப் பிடிச்சு நிறுத்தினா மனசை மாத்திக்குவீங்களா'ன்னு நான் கேட்டேன். 'தாளைக் கொண்டு வா, பேரை மாத்தறேன்'னார். அதுக்காகத் தான் அண்ணி அந்தச் சொல்லை விட்டேன். தாளோட கடைசி வரியைப் படிங்க: 'தவறைக் கண்டு தடுத்தவர்'னு இருக்கற இடத்துல, காலையில எட்டு மணிக்கு, மையால உங்க பேரை எழுதிட்டேன்.